பொங்கலில் உடையும் வாழ்த்து

தீபாவளி நெருங்கினால் ஈப்போ அலுவலகங்களிலிருந்து போகும் மின்னஞ்சல்களின் தலையில் குத்துவிளக்கும் கோலமும் ஏறிவிடும். திறந்த இல்ல உபசரிப்புக்கான அழைப்பு, கூட்டுறவுச் சங்கச் சுற்றறிக்கை, பெற்றோருக்குப் பள்ளி அனுப்பும் கடிதம் என எல்லாவற்றுக்கும் வேர்ட், கேன்வா போன்றவற்றில் ஆயத்த வார்ப்புருக்கள் உண்டு. மலாய் வாழ்த்தும் ஆங்கில வாழ்த்தும் பழுதில்லாமல் போய்ச் சேருகின்றன. தமிழ் வரி மட்டும் சில நேரம் வெறும் கட்டங்களாகவோ, கொம்பும் காலும் இடம்மாறியோ சிதறிக் கிடக்கும்.

காரணம் நம் எழுத்தின் அமைப்பில் இருக்கிறது. யூனிகோடில் 'பொ' என்பது முதலில் 'ப', அடுத்து ஒகரக் குறி என்ற வரிசையில் சேமிக்கப்படுகிறது. அந்த ஒரே குறியை இரண்டாகப் பிரித்து, கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் நிறுத்துவது திரையில் காட்டும் மென்பொருளின் வேலை. அது தெரியாத மென்பொருளில் 'பொங்கல்' உடைந்துவிடும். கொம்பு முன்னே வரவேண்டிய 'தைப்பூசம்' என்பதும் அப்படியே. 'தீபாவளி'யில் முன்னே வரும் கொம்பே இல்லாததால் அது ஓரளவு தப்பிவிடுகிறது. அதனால் தீபாவளிக்குச் சரியாக வந்த வார்ப்புருவை நம்பி, ஈப்போ கல்லுமலைக் கோயில் தைப்பூச அழைப்பை அதிலேயே அடிக்கக் கூடாது. எந்த வார்ப்புருவிலும் முதலில் 'பொங்கல்' என்று தட்டிப் பாருங்கள். அடோபி மென்பொருளில் உடைந்தால், தெற்காசிய மொழிகளுக்கான எழுத்தமைப்பைத் தேர்ந்தெடுங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும்.

இன்னொரு சிக்கல் எழுத்துரு. யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்கள் பல ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழை உட்கார வைத்தவை. பெறுபவரிடம் அதே எழுத்துரு இல்லையென்றால் வாழ்த்து ஆங்கிலக் கிறுக்கலாகிவிடும். பழைய கோப்பையே ஆண்டுதோறும் தேதி மாற்றி அனுப்பும் இடங்களில் இது நடக்கிறது. விண்டோசில் நிர்மலா, ஆப்பிளில் இணைமதி போன்ற யூனிகோடு எழுத்துருக்கள் கூடவே வருகின்றன. இணைமதியை வடிவமைத்தவர் மலேசியரான முத்து நெடுமாறன். அவருடைய முரசு மென்பொருளின் தொடக்கம் 1985. கணினித் தமிழுக்கு இவ்வளவு செய்த நாட்டில் ஒரு பண்டிகை வாழ்த்து உடைந்து போவது எனக்கு வலிக்கிறது.

ஈப்போ இருக்கும் பேராக் மாநிலத்தில் இந்த வலிக்குக் கூடுதல் கனம் உண்டு. சுங்கை சிப்புட் போன்ற வட்டாரங்களில் பால்மரங்கள் போய்ச் செம்பனையும் வீடமைப்புகளும் வந்துவிட்டன. மக்களும் நகரங்களுக்குப் பிரிந்துவிட்டார்கள். வேறிடம் மாறிய பின்னும் பழைய தோட்டத்தின் பெயரையே தாங்கி நிற்கும் தமிழ்ப்பள்ளிகள் உண்டு. அந்தப் பெயரோடு வரும் கடிதத்தில் தமிழ் நிமிர்ந்து நிற்க வேண்டும்.

செய்யவேண்டியது அதிகமில்லை. அழைப்பை பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள். வேர்ட் கோப்பாகவே போகவேண்டுமென்றால், சேமிப்பு அமைப்பில் எழுத்துருவைக் கோப்போடு பதிக்கும் வசதியைத் தேர்ந்தெடுங்கள். மின்னஞ்சலில் வாழ்த்தைப் படத்துக்குள் புதைக்காதீர்கள். இணையத்திலிருந்து இறங்கும் படங்களை அவுட்லுக் பெரும்பாலும் தடுத்துவைக்கும், பார்வையற்றோரின் திரைவாசிப்பானுக்கும் படத்துக்குள் இருக்கும் எழுத்து எட்டாது. விளக்கு படமாக இருக்கட்டும், வாழ்த்து எழுத்தாக இருக்கட்டும். நாள், நேரம், இடமும் அப்படியே.

அரசுக் கடிதங்களை மட்டும் அலங்கரிக்க வேண்டாம். 'பெர்கிட்மாட் உந்தோக் நெகாரா' (நாட்டுக்குச் சேவை) என்று மலாயில் முடியும் தாளில் மத்தாப்புக்கு இடமில்லை. வாழ்த்தைத் தனி மடலாக அனுப்பலாம்.