அலாய் வீல் கறை: பாலிஷுக்கு முன்னாடி ஒரு சோதனை

அலாய் வீலில் அப்பியிருக்கும் பழுப்புக் கறை பெரும்பாலும் பிரேக்கிலிருந்து உதிர்கிற இரும்புத் தூள்தாங்க. சூட்டில் ஒட்டி, அங்கேயே துருப்பிடிச்சிடும். ஷாம்புக்கெல்லாம் அசையாது. வீல் நல்லா ஆறின பிறகு, நிழல்ல வெச்சு அயர்ன் ரிமூவர் அடிங்க. ஊதா நிறமா வழியும், நாத்தம் குடலைப் புரட்டும். காயறதுக்குள்ள தண்ணி அடிச்சிடணும்.

பாலிஷ்லதான் புதுசா வர்றவங்க கஸ்டமர் வீலைக் கெடுக்கிறாங்க. கழுவின வீலோட உள்பக்கம், வெள்ளைத் துணியில துளி மெட்டல் பாலிஷ் வெச்சுத் தேய்ச்சுப் பார்ப்பேன். துணி கறுத்தா வெறும் அலுமினியம்; தாராளமா தேய்க்கலாம். கறுக்கலையா, மேலே கிளியர் கோட் இருக்கு. பெயிண்டுக்கான மென்மையான பாலிஷ் போதும்.

கோட்டுக்கு அடியில் வெள்ளையா புழு ஊர்ந்த மாதிரி தெரிஞ்சா, அது அரிப்பு. எந்த பாலிஷுக்கும் போகாது, உரிச்சு மறுபடி பெயிண்ட் அடிக்கணும். வேலையைத் தொடங்கும் முன்னாடியே கஸ்டமர்கிட்ட காட்டிடுங்க.