கூட்டத்தில் வாய் திறங்கள்

வேளாண் அறிவியல் நிலையக் கூட்டத்துக்குப் போய், டீ குடித்து, கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேசாமல் திரும்புகிறவரா நீங்கள்?

2016-ல் பொள்ளாச்சிப் பக்கம் தலைகாட்டிய சுருள் வெள்ளை ஈயை எடுத்துக்கொள்ளுங்கள். தென்னை ஓலையின் அடிப்புறத்தில் அதன் இளம்பூச்சிகள் கறுத்து, வட்டத் துளையோடு இருந்தால், என்கார்சியா ஒட்டுண்ணிக் குளவி வந்துவிட்டது என்று பொருள். பூச்சிக்கொல்லி அடித்தால் குளவியும் சாகும். அடிக்காமல் விட்டால், அந்த ஓலைத் துண்டுகளைக் குளவி இல்லாத தோப்பில் கொண்டுபோய்க் கட்டலாம். உங்கள் தோப்பில் இருப்பதை நீங்கள் சொன்னால்தானே பக்கத்து ஊர்க்காரர் கேட்டு வருவார்? விஞ்ஞானிக்கும் அது தெரிய வேண்டிய சேதிதான்.

'படிச்சவங்க முன்னாடி என்ன பேசுறது' என்ற கூச்சம் வேண்டாம். அடுத்த கூட்டத்துக்கு ஓர் ஓலையைப் பையில் கட்டி எடுத்துப் போங்கள். எப்போது பார்த்தீர்கள், என்ன மருந்து அடித்தீர்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.