ஒரு கிராம் கரிக்குள் 25 சென்ட் நிலம்

கறிக்குழம்பைத் தூக்குப்போசியில் ஊற்றிக் கொடுத்தால், மூடிமேல் ஓர் அடுப்புக்கரித் துண்டை வைக்காமல் அம்மாயி எங்களை வாசல் தாண்ட விட்டதில்லை. "கறிச்சோத்த வெறுமனே கொண்டு போகாத கண்ணு, கரி ஒண்ணு வெச்சுக்க" என்பார். பொழுது சாய்ந்துவிட்டால் காய்ந்த மிளகாய் ஒன்றும் சேரும். மணத்துக்கு மயங்கிப் பேய் பின்னாலேயே வந்துவிடும் என்பது அவர் கணக்கு.

அந்தப் பழக்கத்துக்கு இப்போது வாட்ஸ்அப்பில் அறிவியல் விளக்கம் சுற்றுகிறது. கரி வாசனையை இழுத்துக்கொள்ளுமாம், அதனால் நாய் பின்தொடராதாம், முன்னோர் எல்லாம் தெரிந்துதான் செய்தார்களாம். கரி வாயுக்களைப் பிடிக்கும் என்பது உண்மை. ஆனால் அம்மாயி வைத்த துண்டு குழம்பின் மணத்தைக் குறைத்திருக்காது. தெருமுனைவரை எங்கள் பின்னால் வந்த நாய்களே அதற்குச் சாட்சி. எல்லாக் கரியும் ஒரே கரி அல்ல.

கரி வாயுவைப் பிடிக்கும் விதமே வேறு. சோடாவில் கரியமில வாயு நீரின் உள்ளே எங்கும் கரைந்து கிடக்கிறது. கரியிலோ வாயு உள்ளே கரைவதில்லை. பரப்பில் வந்து ஒட்டிக்கொண்டு நிற்கிறது. இந்த இரண்டையும் பிரித்துச் சொல்ல 1881இல் ஹைன்ரிச் கைசர் என்ற ஜெர்மானிய இயற்பியலாளர் ஒரு புதுச் சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். நம் பாடநூல்கள் அதைப் பரப்புக் கவர்தல் என்கின்றன. சொல்லுக்கு நூறாண்டு முன்பே செயல் தெரிந்திருந்தது. 1777இல் இத்தாலியரான ஃபெலிச்சே ஃபொன்டானா, கனன்ற கரியைப் பாதரசத்தில் அமிழ்த்திக் குளிரவைத்து, பிறகு வாயு நிரம்பிய குழாய்க்குள் விட்டுப் பார்த்தார். கரி தன் கனஅளவைப் போலப் பல மடங்கு வாயுவைப் பிடித்துக்கொண்டது.

காரணம் எளிது. கரியின் நடுவில் இருக்கும் கார்பன் அணுவுக்கு நாலாபக்கமும் உறவுக்காரர்கள். விளிம்பில் நிற்கும் அணுவுக்கு ஒரு பக்கம் ஆளில்லை. அந்தப் பக்கம் செலவாகாமல் மிஞ்சிய இழுவிசையில்தான், அருகே அலையும் வாயு மூலக்கூறு சிக்குகிறது. சிக்கும்போது கொஞ்சம் வெப்பம் வெளியேறும். ஆகவே திரும்பச் சூடேற்றினால் பிடி தளரும், குளிர்வித்தால் இறுகும். விளிம்புதான் பிடிக்கிறது என்றால், கரியின் அளவைவிட அதில் எவ்வளவு விளிம்பு இருக்கிறது என்பதே கேள்வி.

விளிம்பை உண்டாக்கும் தொழிலைக் காங்கேயம் பக்கம் போனால் பார்க்கலாம். சென்னையில் கொட்டாங்குச்சி, நெல்லையில் சிரட்டை, கொங்கு நாட்டில் தொட்டி. கொப்பரை எடுத்தபின் மிஞ்சும் தொட்டியைக் குழியில் போட்டு, காற்று அளவோடு போகும்படி மூட்டம் போட்டால் தொட்டிக் கரி கிடைக்கும். புகை கொஞ்சநஞ்சமல்ல. புகையும் கழிவும் கிணற்றைக் கெடுப்பதாகச் சுற்றுவட்டார ஊர்க்காரர்கள் போராடியதும் உண்டு. அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது.

இப்படிக் கிடைத்த கரியும் அரைகுறைதான். தார் போன்ற பிசின் அதன் துளைகளை அடைத்துக்கொண்டிருக்கும். அம்மாயியின் அடுப்புக்கரிக்கும் இதே குறை. ஆலையில் அதை 900 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேற்றி நீராவியைப் பாய்ச்சுகிறார்கள். நீராவி கரியை அரித்துத் தின்கிறது. தின்ற பகுதி கார்பன் மோனாக்சைடாகவும், உடன் ஹைட்ரஜனாகவும் வெளியேறும். எடையில் பாதிக்கு மேல் இப்படிப் போய்விடும். மிஞ்சுவதை வியாபாரிகள் ஆக்டிவேட்டட் கார்பன் என்கிறார்கள். புத்தகத்தில் அது கிளர்வுற்ற கரி.

தொட்டிக் கரியின் துளைகள் பெரும்பாலும் 2 நானோமீட்டருக்கும் குறுகலானவை. அகலமான சுவரில் ஒட்டும் மூலக்கூறை ஒரு பக்கம்தான் இழுக்கும். இவ்வளவு ஒடுங்கிய சந்துக்குள் நுழைந்தால் இரு பக்கச் சுவர்களும் சேர்ந்து இழுக்கும். மரக்கரியின் பெரிய துளைகள் சாயம் போன்ற பெரிய மூலக்கூறுகளுக்கு ஏற்றவை; வாயுவுக்குத் தேங்காய்தான் ராஜா. நல்ல கரி 1 கிராம் எடுத்து அதன் உட்சுவர்களையெல்லாம் விரித்துப் போட முடிந்தால் ஏறத்தாழ 1000 சதுர மீட்டர் வரும். நம் ஊர்க் கணக்கில் 25 சென்ட் நிலம். ஒரு சிட்டிகைக் கரிக்குள்!

இந்த நிலத்தை யார் சங்கிலி பிடித்து அளந்தது? நைட்ரஜன்தான். கரியை மைனஸ் 196 டிகிரிக்குக் குளிர்வித்து நைட்ரஜனை விட்டால் அது சுவர்களில் படியும். ஒரு மூலக்கூறு அடைக்கும் இடம் 0.162 சதுர நானோமீட்டர் என்று கொள்கிறார்கள். எத்தனை மூலக்கூறுகள் ஒரே அடுக்காக உட்கார்ந்தன என்று தெரிந்தால் பரப்பு தெரிந்துவிடும். சிக்கல் அந்த 'ஒரே அடுக்கு' என்பதில். ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் மின்விளக்குகளை ஆராய்ந்துகொண்டிருந்த இர்விங் லாங்மியூர், 1918 வாக்கில் ஒரு சமன்பாடு தந்தார். டவுன் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் நிறுத்தங்களில் ஏறுகிறவர்களுக்கெல்லாம் இருக்கை கிடைக்கும். போகப்போக எத்தனை பேர் காத்திருந்தாலும் ஒருவர் இறங்கினால்தான் ஒருவர் உட்கார முடியும். வாயுவின் அழுத்தத்தைக் கூட்டக் கூட்ட ஒட்டும் அளவு முதலில் விறுவிறுவென ஏறி, பிறகு தேங்கிவிடுவது இதனால்தான். லாங்மியூரின் பஸ்ஸில் நின்றுகொண்டு வர அனுமதியில்லை. கடுங்குளிரிலோ உட்கார்ந்தவர் மடிமேல் இன்னொருவர் உட்காருவதுபோல அடுக்குமேல் அடுக்கு படியும். அதையும் கணக்கில் சேர்த்து 1938இல் புரூனவர், எம்மெட், டெல்லர் ஆகிய மூவர் சமன்பாட்டை விரித்தார்கள். பரப்பளவை இன்றும் அதை வைத்தே அளக்கிறோம். அந்த டெல்லர்தான் பின்னாளில் ஹைட்ரஜன் குண்டுக்குப் பேர்போனவர்.

எல்லா வாயுவுக்கும் கரியில் ஒரே மரியாதை இல்லை. 15 டிகிரி செல்சியஸில் 1 கிராம் கிளர்வுற்ற கரி பிடிக்கும் அளவுகள் பழைய வேதியியல் புத்தகங்களில் உண்டு. கந்தக டை ஆக்சைடு 380 மில்லிலிட்டர், குளோரின் 235, அம்மோனியா 181, கரியமில வாயு 48, கார்பன் மோனாக்சைடு 9.3, நைட்ரஜன் 8, ஹைட்ரஜன் 4.7. எந்த வாயுவை எளிதில் திரவமாக்க முடியுமோ அது கரியிலும் எளிதில் ஒட்டுகிறது. ஒன்றையொன்று இழுக்கும் மூலக்கூறுகள் சுவரையும் இழுக்கும், அவ்வளவுதான்.

இந்தப் பட்டியல் உயிர் காத்தது. 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்ர நகருக்கு அருகே ஜெர்மன் படை குளோரின் வாயுவைத் திறந்துவிட்டது. அந்த ஆண்டே ரஷ்யாவில் நிகோலாய் செலின்ஸ்கி கரி நிரப்பிய முகமூடியை உருவாக்கினார். 1918இல் அமெரிக்காவில் பீச் பழக் கொட்டையைக்கூட எறியாதீர்கள், முகமூடிக்குக் கரி வேண்டும் என்று வீடுவீடாகக் கேட்டு வாங்கினார்கள். தேங்காய்த் தொட்டியின் அருமை அப்போது உலகுக்குத் தெரிந்தது. பட்டியலில் 9.3 என்று நிற்கும் வாயுவை மறந்துவிடாதீர்கள். அதற்குத் திரும்ப வருவேன்.

2021ஆம் ஆண்டின் கொரோனா இரண்டாம் அலையில் ஆக்சிஜனுக்கு அலைந்தவர்கள் பரப்புக் கவர்தலின் இன்னொரு முகத்தைப் பார்த்தார்கள். மருத்துவமனை வளாகத்தில் வைத்த ஆக்சிஜன் ஆலைகளிலும் வீட்டுக்கு வந்த செறிவூட்டிகளிலும் வேலை செய்தது கரியல்ல, ஜியோலைட் என்ற அலுமினிய சிலிக்கேட் மணிகள். அவற்றின் துளைகளில் நேர்மின்னேற்றம் கொண்ட உலோக அயனிகள் உட்கார்ந்திருக்கும். நைட்ரஜன், ஆக்சிஜன் இரண்டுமே மொத்தத்தில் மின்னேற்றம் இல்லாதவை. ஆனாலும் மூலக்கூறுக்குள் மின்னேற்றம் பரவிய விதத்தில் நைட்ரஜனுக்கு ஏற்றத்தாழ்வு அதிகம். அந்த ஏற்றத்தாழ்வைப் பிடித்துக்கொண்டு அயனிகள் நைட்ரஜனை நிறுத்திவிடும். ஆக்சிஜன் கடந்து போகும்.

பிடிப்பது பாதி வேலை. மணிகள் நிரம்பியதும் அழுத்தத்தைக் குறைத்தால் நைட்ரஜன் கழன்று ஓடிவிடும். இரண்டு உருளைகளில் ஒன்று பிடிக்கும்போது மற்றது விடும். செறிவூட்டி இடையிடையே 'புஸ்' என்று பெருமூச்சு விடுவது அந்த நைட்ரஜன்தான். ஆர்கானை இந்த மணிகள் பிரிப்பதில்லை, அதனால் கிடைக்கும் ஆக்சிஜன் 95 சதவீதத்தைப் பெரிதாகத் தாண்டாது. ஈரம் இவற்றுக்கு எமன். நீர் மூலக்கூறு நைட்ரஜனைத் தள்ளிவிட்டு இடத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்காது. காற்றை உலர்த்திய பிறகே உள்ளே விட வேண்டும். தேஜஸ் விமானத்துக்கான ஆக்சிஜன் நுட்பத்தைத்தான் டிஆர்டிஓ நிமிடத்துக்கு 1000 லிட்டர் தரும் மருத்துவமனை ஆலையாக்கியது. அந்த நுட்பத்தைப் பெற்ற நிறுவனங்களில் ஒன்று கோயம்புத்தூரைச் சேர்ந்தது.

இதுவரை சொன்னதெல்லாம் லேசான ஒட்டு. இன்னொரு வகையில் வாயுவும் பரப்பும் எலக்ட்ரான்களைப் பகிர்ந்து வேதிப் பிணைப்பே போட்டுக்கொள்ளும். மணலி, தூத்துக்குடி உர ஆலைகளில் அம்மோனியா உருவாவது இப்படித்தான். இரும்பின் பரப்பில் ஒட்டும் நைட்ரஜன் இரண்டாக உடைகிறது. இதற்குச் சூடு வேண்டும், 450 டிகிரி அளவில். பரப்பில் நடப்பதைப் படிப்படியாகக் காட்டிய கெர்ஹார்ட் எர்ட்லுக்கு 2007இல் நோபல் பரிசு கிடைத்தது. வழிமுறையைக் கண்டுபிடித்தவர் ஃபிரிட்ஸ் ஹேபர். ஈப்ரவில் குளோரினைத் திறந்துவிடும் வேலையை மேற்பார்த்தவரும் அவரே.

உர ஆலைக்காரர்கள் அஞ்சும் வாயு ஒன்று உண்டு: கார்பன் மோனாக்சைடு. இரும்பின் பரப்பில் அது ஒட்டிக்கொண்டால் நைட்ரஜனுக்கு இடமிருக்காது. கரியில் வெறும் 9.3 மில்லிலிட்டர் ஒட்டிய அதே வாயுதான் இரும்பை இப்படி விடாப்பிடியாகப் பிடிக்கிறது. நம் ரத்தத்தில் ஹீமோகுளோபினுக்குள் இருப்பதும் இரும்பு. ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான வேட்கையோடு அது அங்கே போய் உட்கார்ந்துகொள்கிறது. நிறமில்லை, மணமில்லை. எவ்வளவு உயர்ந்த கரி அடைத்த முகமூடியும் அதைத் தடுக்காது.

காற்று போதாமல் எரியும் கரி கக்குவதும் இதே வாயுவைத்தான். ஊட்டி, கொடைக்கானல் குளிருக்குப் பயந்து கரி அடுப்பை உள்ளே வைத்துத் தூங்கியவர்கள் காலையில் எழுந்திருக்காத செய்தியைப் படித்திருப்பீர்கள். இந்த மார்கழியில் மலைக்குப் போகிறவர்கள் இரண்டு கம்பளி கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். சமைத்து முடித்த அடுப்பை வெளியிலேயே விட்டுவிடுங்கள். சாம்பல் பூத்துக் கிடக்கும் கங்கும் அந்த வாயுவை விட்டுக்கொண்டுதான் இருக்கும்.