‘ஷ்ரிங்க்’ என்னும் ஆங்கிலச் சொல்: பொருள் வரலாறும் தமிழாக்கமும்

1. முன்னுரை

ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்போர் ‘ஷ்ரிங்க்’ என்னும் சொல்லைக் கண்டதும் ‘சுருங்கு’ அல்லது ‘சுருக்கு’ என எழுதுவது வழக்கம். அகராதிகளும் இவற்றையே முதற்பொருளாகத் தருகின்றன. பல இடங்களில் இது பொருந்தும். ஆயின், கணிப்பொறி, ஆடைத் தொழில், அழைப்பு மையம், மருத்துவம் முதலிய துறைகளில் இச்சொல் தனித்தனிப் பொருளுடன் வழங்குகிறது. அவ்விடங்களில் ‘சுருக்கு’ என்னும் ஒரே நிகரனைக் கையாளும்போது பொருள் மயங்குகிறது. சில வேளைகளில் படிப்பவர் தவறான செயலையே செய்யவும் நேர்கிறது.

இத்துறைகள் பலவும் அருகருகே இயங்கும் இடம் பெங்களூரின் எலெக்ட்ரானிக் சிட்டி. ஆர். கே. பாலிகாவின் முயற்சியால் கர்நாடக அரசின் கியோனிக்ஸ் நிறுவனம் 1970களின் இறுதியில் கோனப்பன அக்ரஹாரம், தொட்டதோகூர் ஆகிய ஊர்களின் 332 ஏக்கர் நிலத்தில் இதனை அமைத்தது. தமிழக எல்லைக்கு அண்மையில் ஓசூர்ச் சாலையில் அமைந்த இப்பகுதியில் கன்னடம், தமிழ், தெலுங்கு, ஆங்கிலம் ஆகியவை நாள்தோறும் கலந்து வழங்குகின்றன. ஓர் ஆங்கிலச் சொல் எத்தனை தொழில்களில் எத்தனை பொருள் கொள்ளும் என்பதை அறிய இது தக்க களம். இச்சொல்லின் வரலாற்றையும், தமிழில் அதற்கு ஈடாகும் வினைகளின் பொருள் எல்லைகளையும், இக்களத்தின் துறைவழக்குகளையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

2. சொல்லின் வரலாறு

பழைய ஆங்கிலத்தில் இவ்வினை ‘ஷ்ரிங்கன்’ என வழங்கியது. உறுப்புகளை உள்ளிழுத்தல், வாடுதல், வற்றிப்போதல் என்பன அதன் பொருள்கள். சுவீடிய மொழியில் சுருக்கம் விழுதலைக் குறிக்கும் ‘ஸ்க்ரின்கா’ இதன் இனச்சொல். செருமானிய மூலமொழியின் ‘ஸ்க்’ ஒலி பழைய ஆங்கிலத்தில் ‘ஷ்’ ஆயிற்று. ‘ஷர்ட்’ என்பது ஆங்கிலத்தில் இயல்பாக வளர்ந்த வடிவம், ‘ஸ்கர்ட்’ என்பது வடசெருமானிய மொழியிலிருந்து வந்த வடிவம் என்பதை ஒப்பிட்டால் இம்மாற்றம் விளங்கும்.

‘ட்ரிங்க், ட்ராங்க், ட்ரங்க்’ என்பதைப் போல ‘ஷ்ரிங்க், ஷ்ராங்க், ஷ்ரங்க்’ என உயிர்மாற்றத்தால் காலம் காட்டும் வினை இது. ‘ஷ்ரங்கன்’ என்னும் எச்சவடிவம் இன்று பெரும்பாலும் பெயரடையாகவே நிற்கிறது.

இதன் பொருள் வளர்ச்சியில் நான்கு படிகளைக் காணலாம். முதற்படியில் உடல் அல்லது செடி வாடி உள்ளொடுங்கும். இரண்டாம் படியில், 13ஆம் நூற்றாண்டின் இறுதியில், எப்பொருளும் அளவிற் குறைதல் என்னும் பொதுப்பொருள் தோன்றியது. மூன்றாம் படியில், 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அஞ்சியோ வெறுத்தோ பின்னிடுதல் என்னும் மனநிலைப் பொருள் பிறந்தது. தொட்டவுடன் கூட்டுக்குள் உடலை இழுத்துக்கொள்ளும் நத்தையின் இயல்பு இப்பொருளுக்கு வழிகாட்டியிருக்கலாம் எனச் சொற்பிறப்பியலார் கருதுவர். நான்காம் படியில், அதே நூற்றாண்டின் பிற்பகுதியில், ஒன்றை அளவிற் குறையச் செய்தல் என்னும் செயப்படுபொருள் குன்றா வினையாகவும் இச்சொல் வழங்கலாயிற்று.

இவ்வாறு தானே குறைவதும் பிறர் குறைப்பதும், உடல் ஒடுங்குவதும் மனம் பின்னிடுவதும் ஒரே வடிவத்தில் அடங்கின. தமிழாக்கச் சிக்கலுக்கு வேர் இதுவே.

3. தமிழ் வினைகளின் பொருள் எல்லை

ஆங்கிலம் ஒரு வடிவத்தில் அடக்கியதைத் தமிழ் இலக்கணமே இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது. சுருங்கு–சுருக்கு, ஒடுங்கு–ஒடுக்கு, அடங்கு–அடக்கு எனத் தன்வினையில் வரும் மெல்லினம் பிறவினையில் வல்லினமாகிறது. ஆகவே, ஆங்கிலத் தொடரில் வினைமுதல் யார் என்பதைத் துணியாமல் தமிழில் வினையையே எழுத முடியாது. இத்துணிவு மொழிபெயர்ப்பாளருக்குச் சுமையாகத் தோன்றினும் பொருட்டெளிவுக்குக் காவலாகிறது.

எனினும் ‘சுருக்கம்’ என்னும் பெயரில் இவ்வேறுபாடு மறைந்துவிடுகிறது. தோலின் திரைவு, துணியின் மடிப்பு, நூலின் சாரம், சொற்குறுக்கம், தொகுதி குறைதல் ஆகிய அனைத்தும் ‘சுருக்கம்’ எனப்படுகின்றன. கண்ணியை உணர்த்தும் ‘சுருக்கு’, அதன்வழிப் பிறந்த ‘சுருக்குப்பை’ ஆகியனவும் இதே வட்டத்தில் உள்ளன. பெயர் வேண்டிய இடங்களில் தன்வினைக்குச் ‘சுருங்கல்’ என்றும் பிறவினைக்குச் ‘சுருக்கல்’ என்றும் பிரித்தெழுதுவது இம்மயக்கத்தைப் பெரிதும் நீக்கும்.

குறைதலை உணர்த்தும் பிற வினைகளும் தத்தம் எல்லையுடையன. நீளமோ அகலமோ குறைவது ‘குறுகுதல்’: பாதை குறுகும். நீரிழந்து குறைவது ‘வற்றுதல்’. உறுப்பு மெலிவது ‘சூம்புதல்’. மலரின் இதழ்கள் ஒருங்கே குவிவது ‘கூம்புதல்’. பெருமை, ஊக்கம், வளம் ஆகியவை குறைவது ‘குன்றுதல்’. ‘சுருங்குதல்’ என்பதோ, ஒரு பொருள் தன்னைத் தானே உள்நோக்கி இழுத்துக்கொள்வதைச் சிறப்பாக உணர்த்தும்.

இலக்கண நூலார் இவ்வேறுபாட்டை நுட்பமாகக் கையாண்டுள்ளனர். நன்னூல் ஐகாரக் குறுக்கம், ஔகாரக் குறுக்கம், மகரக் குறுக்கம், ஆய்தக் குறுக்கம் எனப் பெயரிட்டது. அரை மாத்திரை பெறும் மகரம் கால் மாத்திரையாகும்போது குறைவது ஒலிப்பின் கால நீளம். நீளம் குறைவதற்கு உரிய ‘குறுக்கம்’ என்னும் சொல்லே அங்குக் கலைச்சொல்லாயிற்று.

4. பின்னிடுதல் என்னும் பொருள்

மனம் பின்னிடும் பொருளில் தமிழின் இயல்பான சொல் ‘கூசுதல்’. பேரொளியில் கண் கூசுகிறது. புளிப்பில் பல் கூசுகிறது. பிறர் கை பட உடல் கூசுகிறது. இழிசெயல் செய்ய மனம் கூசுகிறது. உடலுணர்விலிருந்து மனவுணர்வுக்குச் செல்லும் அதே பாதையைத் தமிழ் வேறொரு வினையால் கடந்திருக்கிறது. ‘கூசாமல் பொய் சொன்னான்’ என்னும் வழக்கை ஆங்கிலத்தில் பெயர்க்கும்போது ‘ஷ்ரிங்க்’ என்பதன் எதிர்மறை வடிவம் சில இடங்களில் பொருந்தக்கூடும். அவமானத்தால் பின்னிடும்போது ‘கூனிக் குறுகுதல்’ என்னும் தொடர் உடலின் தோற்றத்தையும் மனத்தின் நிலையையும் ஒருங்கே தருகிறது. பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் கருத்தில் ‘பின்வாங்குதல்’, ‘தயங்குதல்’ என்பன பொருந்தும்.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. ஆங்கிலேயர் நத்தையை நினைத்த இடத்தில் இந்திய மரபு ஆமையை நினைத்தது. உறுப்புகளை உள்ளடக்கும் ஆமையைப் புலனடக்கத்துக்கு உவமையாக்குவதைத் திருக்குறளிலும் பகவத் கீதையிலும் காணலாம். ஆகவே ‘அடங்குதல்’, ‘ஒடுங்குதல்’ ஆகிய சொற்கள் தமிழில் சிறப்புப் பொருளையும் ஏற்கும். கோழைமையால் பின்னிடுபவனைக் குறிக்க இவற்றை ஆண்டால், ஆங்கில மூலம் பழித்த ஒருவனைத் தமிழ் புகழ்ந்துவிடக்கூடும்.

சுருங்குதலும் கூசுதலும் ஒன்றுசேரும் அரிய இடம் ஒரு செடியின் பெயர். தொட்டவுடன் இலை மூடும் செடியைத் தமிழர் ‘தொட்டாற்சுருங்கி’ என்றும் ‘தொட்டாற்சிணுங்கி’ என்றும் அழைப்பர். முன்னது இலையின் அசைவை மட்டும் கூறுகிறது. பின்னது செடிக்கு மனத்தை ஏற்றுகிறது. கன்னடத்தில் இதற்கு ‘முட்டிதரெ முனி’, அதாவது தொட்டால் சினப்பது, என்று பெயர். ஒரே அசைவைத் தமிழ் சிணுங்கலாகவும் கன்னடம் சினமாகவும் காண்கின்றன. கன்னடத்தில் குறைதலுக்கும் சோர்தலுக்கும் ‘குக்கு’ என்னும் வினையும், பின்னிடுதலுக்கு ‘ஹிஞ்சரி’ என்னும் வினையும் உள்ளன. முதற்சொல்லின் இடையில் வரும் ககரங்கள் எடுப்பொலியாக ஒலிக்கும். அளவுக் குறைவையும் பின்னிடுதலையும் பிரித்துக் காணும் இயல்பு இரு மொழிகளுக்கும் பொது என இதனால் தெளியலாம்.

5. துறைவழக்குகள்

5.1. கணிப்பொறி

விண்டோஸ் இயங்குதளத்தில் வன்தட்டின் ஒரு பகுதியை ‘ஷ்ரிங்க்’ செய்யும் வசதி விஸ்டா பதிப்பிலிருந்து உள்ளது. பகுதியின் இறுதியில் பயன்படாதிருக்கும் இடத்தைப் பிரித்து ஒதுக்கப்படாத இடமாக்குவதே அதன் பணி. கோப்புகளின் அளவு மாறுவதில்லை. பகுதியின் எல்லை மட்டுமே உள்நகர்கிறது. அதே இயங்குதளத்தில் கோப்புகளை இறுக்கிச் சேமிக்கும் வேறொரு வசதியும் உண்டு. இரண்டையும் ‘சுருக்கு’ எனப் பெயர்த்தால், கோப்புகளை இறுக்க விரும்புபவர் வன்தட்டின் எல்லையை மாற்றிவிடக்கூடும். முன்னதைப் ‘பகுதியைக் குறுக்கு’ என்றும், பின்னதைக் ‘கோப்பை இறுக்கு’ என்றும் வேறுபடுத்துவதே தக்கது. அட்டவணைச் செயலியில் கட்டத்துக்குள் அடங்குமாறு எழுத்தைக் காட்டும் வசதிக்கு ‘அடங்கச் சிறிதாக்கு’ என்பது போதும்.

சில்லு வடிவமைப்பில் ஒரு சுற்றமைப்பை அதனினும் நுண்ணிய உற்பத்தி முறையில் மீண்டும் உருவாக்குவதையும் ஆங்கிலம் இச்சொல்லாலேயே குறிக்கிறது. நீளமும் அகலமும் 0.7 மடங்காகும்போது பரப்பு 0.49 மடங்கு, அதாவது ஏறத்தாழப் பாதி, ஆகிறது. இங்கு எப்பொருளும் சுருங்கவில்லை; புதிய சிறு பொருளொன்று செய்யப்படுகிறது. ஆதலின் ‘சில்லுச் சிறிதாக்கம்’ என்பதே பொருந்தும்.

5.2. உரிம ஒப்பந்தம்

சூட்டினால் சுருங்கிப் பொருளைப் பற்றிக்கொள்ளும் நெகிழி உறையின் ஆங்கிலப் பெயர் 1960களின் தொடக்கத்திலிருந்து வழங்குகிறது. மென்பொருள் பெட்டிகள் அவ்வுறையில் விற்கப்பட்டன. உறையைப் பிரித்தவர் உள்ளிருக்கும் உரிம விதிகளை ஏற்றவராகக் கருதப்பட்டார். இத்தகைய உரிமம் செல்லும் என அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று 1996இல் புரோசிடி எதிர் சைடன்பர்க் வழக்கில் தீர்ப்பளித்தது. இதனைச் ‘சுருக்க உறை உரிமம்’ எனச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால், சட்டத்தின் உயிர்நிலையான இசைவு என்னும் கருத்து வெளிப்படாது. இரு தரப்பினரும் ஒரே பொருளை ஒரே கருத்தில் ஏற்பதே இசைவு என 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 13ஆம் பிரிவு வரையறுக்கிறது. ஒரே கருத்தில் ஏற்க வேண்டுமாயின் சொல் முதலில் விளங்க வேண்டும். உறையைச் ‘சுருங்குறை’ என்றும் உரிமத்தை ‘உறைபிரிப்பு உரிமம்’ என்றும் வழங்கலாம்.

5.3. ஆடைத் தொழில்

ஓசூர்ச் சாலையை ஒட்டிய பொம்மனஹள்ளியின் ஆடைத் தொழிற்சாலைகளிலும் திருப்பூரின் பின்னலாடைத் தொழிலிலும் ‘ஷ்ரிங்கேஜ்’ என்பது அன்றாடச் சொல். துவைத்தபின் துணி எத்தனை விழுக்காடு குறைகிறது என்பதே அதன் பொருள். 5 விழுக்காடு குறையும் துணியில், துவைத்தபின் 76 சென்டிமீட்டர் நிற்க வேண்டுமாயின் 80 சென்டிமீட்டர் வெட்ட வேண்டும். இதனைத் ‘துணியின் சுருக்கம்’ என எழுதினால் தமிழர் கசங்கலை நினைப்பரே அன்றி அளவுக் குறைவை நினையார். கசங்கலைச் சலவைப்பெட்டி நீக்கும், அளவுக் குறைவை நீக்காது. ‘சுருங்கல் அளவு’ என்பது இம்மயக்கத்துக்கு இடம் தராது.

5.4. அழைப்பு மையமும் வணிகமும்

அழைப்பு மையங்களில் ‘ஷ்ரிங்கேஜ்’ என்பது ஊதியம் பெறும் நேரத்தில் அழைப்புகளை ஏற்க இயலாமற் கழியும் பங்கைக் குறிக்கும். விடுப்பு, பயிற்சி, இடைவேளை, கூட்டம் ஆகியவை இதில் அடங்கும். இது 30 விழுக்காடாயின், 70 பேர் பணியில் இருக்க 100 பேர் தேவை. எழுபதில் 30 விழுக்காடாகிய 21ஐக் கூட்டி 91 பேரை அமர்த்தினால் 64 பேர்கூடக் கிடைக்கமாட்டார்கள். விழுக்காடு எதன்மேல் கணக்கிடப்படுகிறது என்பதை உணர்த்தும் பெயராகப் ‘பணிநேரக் கழிவு’ அமையும்.

சில்லறை வணிகத்தில் இதே சொல் திருட்டு, சேதம், கணக்குப் பிழை ஆகியவற்றால் சரக்கு குறைவதைச் சுட்டும். அதற்கு ‘இருப்புக் குறைவு’ தகும். பொற்கொல்லர் வழக்கில் ‘சேதாரம்’ என்னும் தனிச்சொல் இருப்பதைக் கருதினால், தொழில்தோறும் வெவ்வேறு குறைவுக்கு வெவ்வேறு பெயரிடுவது தமிழுக்குப் புதிதன்று என்பது விளங்கும்.

6. கொச்சை வழக்கு

அமெரிக்க ஆங்கிலத்தில் மனநல மருத்துவரைக் கேலியாக ‘ஹெட்ஷ்ரிங்கர்’ என்னும் வழக்கு 1950 அளவில் தோன்றி, 1966 அளவில் ‘ஷ்ரிங்க்’ எனக் குறைந்தது. வெட்டிய தலைகளைப் பதப்படுத்திச் சிறிதாக்கும் தென்னமெரிக்கப் பழங்குடி வழக்கத்தின் நினைவு இதில் உள்ளது. கேலிக்கு உள்ளாகுபவர் மருத்துவர்.

இதற்குத் தமிழ்க் கொச்சையில் நிகர் தேடுவோர் ‘பைத்தியக்கார டாக்டர்’ என்றெழுத முற்படலாம். அவ்வாறு எழுதினால் இழிவு மருத்துவரை விட்டு நோயாளியைச் சேர்கிறது. 1794இல் தோன்றிய மனநல மருத்துவமனையின் காரணமாகச் சென்னையின் கீழ்ப்பாக்கம் வசைச்சொல்லானதும் இவ்வகையே. எலெக்ட்ரானிக் சிட்டிக்குச் செல்லும் அதே ஓசூர்ச் சாலையில், 1974இல் உருவான தேசிய மனநலம் மற்றும் நரம்பு அறிவியல் நிறுவனம் உள்ளது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியின் மாண்பை உரிமையாகவே ஏற்கிறது. எனவே ‘மனநல மருத்துவர்’ என எழுதி, கேலியை உரையாடலின் பிற சொற்களில் ஏற்றுவதே முறை. நகைச்சுவை ஒரு சொல்லளவு குறையலாம். நோயாளியின் மதிப்பு குறையலாகாது.

7. முடிவுரை

ஒரு கலைச்சொல்லுக்கு ஒரே நிகரன் என்னும் நெறி ஒரு துறைக்குள் இன்றியமையாதது. பல துறைகளில் பரவிய பொதுச்சொல்லுக்கு அந்நெறியை நீட்டினால், மூலத்தில் சூழலால் தெளிவாக இருந்த வேறுபாடு பெயர்ப்பில் அழியும். ‘ஷ்ரிங்க்’ என்பதைப் பெயர்ப்போர் நான்கு வினாக்களை எழுப்பிக்கொள்ளலாம்: தானே குறைகிறதா, ஒருவர் குறைக்கிறாரா? குறைவது நீளமா, தொகுதியா, எண்ணிக்கையா, ஊக்கமா? அதே பொருள் உள்ளிழுத்துக்கொள்கிறதா, வேறொரு சிறு பொருள் உண்டாகிறதா? பின்னிடுதல் எனின், அது அச்சத்தாலா, நாணத்தாலா, அடக்கத்தாலா?

இவற்றுக்கு விடை கண்டால் சுருங்கு, சுருக்கு, குறுக்கு, சிறிதாக்கு, குன்று, கூசு, பின்வாங்கு என்பவற்றுள் உரியது தானே முன்வரும். ‘சுருக்கு’ என்னும் ஒரு சொல்லின் மேல் ஏற்றப்பட்ட சுமையும் அப்போது குறையும்.