கார்டு நம்மைத் தேர்ந்தெடுத்த காலம்

எண்பதுகளில் மாதச் சம்பளக் குடும்பத்துக்குக் கடன் என்றால் மளிகைக் கடை கணக்கு நோட்டுதான். நீளவாக்கில் மடித்த அந்த நோட்டைப் பையோடு எடுத்துப் போனால் அண்ணாச்சி காதில் செருகிய பென்சிலை எடுத்து உளுந்து, து.பருப்பு, சோப்பு என்று எழுதிக் கூட்டிப் போடுவார். முதல் வாரத்தில் சம்பளம் வந்ததும் பாக்கி தீரும். முழுப் பாக்கியையும் தீர்த்தால் கூட வந்த பிள்ளையின் கையில் கல்கண்டோ கடலை மிட்டாயோ விழும். வட்டி என்று தனியாக எதுவும் கிடையாது. ஆனால் ரொக்கத்துக்கு வாங்குகிறவரைவிடக் கணக்கில் வாங்குகிறவருக்குப் பருப்பு விலை கொஞ்சம் கூடத்தான் இருக்கும். அதைக் கேட்கவும் முடியாது, பாக்கியை வைத்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போகவும் முடியாது. கையில் வந்த இனிப்புக்கு விலை பருப்பில் ஏறியிருந்தது.

அதே காலத்தில் கிரெடிட் கார்டும் இந்தியாவில் இருந்தது, நம் தெருவுக்குத்தான் வரவில்லை. சென்ட்ரல் பேங்க் ஆஃப் இந்தியா 1980-ல் தன் கார்டை வெளியிட்டது. அடுத்த ஆண்டு ஆந்திரா பேங்க். 1990-ல் சிட்டி பேங்க் விசா கார்டோடு வந்த பிறகுதான் சென்னையின் பெரிய கம்பெனி அதிகாரிகளின் பர்ஸில் அது சாதாரணமாகத் தென்படத் தொடங்கியது. எந்தக் கார்டு நல்லது என்ற கேள்விக்கே அன்று இடமில்லை. சம்பளச் சீட்டு, அலுவலக முகவரி, வீட்டில் டெலிபோன் உண்டா என்பதையெல்லாம் பார்த்து வங்கிதான் ஆளைத் தேர்ந்தெடுத்தது. கடையில் கார்டை ஓர் இரும்புப் பலகையில் வைத்து, மேலே கார்பன் சீட்டை விரித்து, கைப்பிடியை இழுத்தால் எண்கள் அச்சாகும். தொகை பெரிதென்றால் கடைக்காரர் வங்கிக்குப் போன் போட்டு அனுமதி வாங்க வேண்டும். எல்லாம் முடிந்து பில் போடும்போது, ‘கார்டுன்னா ரெண்டு பர்சென்ட் சேர்த்துத் தரணும் சார்’ என்பார். நகைக்கடையிலும் எலெக்ட்ரானிக்ஸ் கடையிலும் இந்த வசனம் வெகுகாலம் நீடித்தது.

2000-க்குப் பிறகு நிலைமை தலைகீழ். பெட்ரோல் பங்க்கிலும் வணிக வளாக வாசலிலும் மேஜை போட்டு, டை கட்டிய இளைஞர்கள் ‘லைஃப்டைம் ஃப்ரீ’ என்று விண்ணப்பத்தை நீட்டினார்கள். மதிய நேரத்துப் போன் அழைப்புகள் தாங்க முடியாமல்தான் 2007-ல் ‘அழைக்க வேண்டாம்’ பதிவேடே வந்தது. அன்றைய ஈர்ப்பு ரிவார்டு பாயின்ட். பாயின்ட் சேர்ந்தால் பூவாளி முதல் பெட்டி படுக்கை வரை படம் போட்ட பட்டியலில் ஒன்றைக் கேட்கலாம். பல கார்டுகளில் ஒரு பாயின்ட்டின் மதிப்பு கால் ரூபாயைத் தாண்டவில்லை. விரும்பிய பொருளுக்குப் பாயின்ட் சேர்வதற்குள் பழையவை காலாவதியாகிவிடும்.

கேஷ்பேக் இந்தக் குழப்பத்துக்கு விடையாக வந்தது. அமெரிக்காவில் 1986-ல் சியர்ஸ் நிறுவனத்தின் டிஸ்கவர் கார்டு, செலவில் ஒரு பகுதியைப் பணமாகவே திருப்பித் தருவதாகச் சொல்லிக் களமிறங்கியது. இங்கே அது வீட்டுப் பேச்சானது ஆன்லைன் கடைகளோடு. 2018-ல் அமேசான் பே ஐசிஐசிஐ கார்டு, 2019-ல் ஃப்ளிப்கார்ட் ஆக்சிஸ், 2022 செப்டம்பரில் எஸ்பிஐ கேஷ்பேக் கார்டு. இன்று வங்கி நம் வாசலில் நிற்கிறது. தேர்ந்தெடுக்கிற வேலை நம்முடையது. அந்த வேலையைப் பெரும்பாலான வீடுகள் விளம்பரத்தில் உள்ள சதவீதத்தைப் பார்த்துத் தொடங்குகின்றன. எனக்கு இதில் உறுதியான கருத்து உண்டு: கடந்த மூன்று மாத பில்களைப் பார்த்துத்தான் தொடங்க வேண்டும்.

திருச்சியில் மாதம் 30,000 ரூபாய் செலவுள்ள ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். ஆன்லைனில் வாங்குவது 6,000. சூப்பர் மார்க்கெட் மளிகை 8,000. பெட்ரோல் 3,000, மின்கட்டணம் 2,000, இன்சூரன்ஸ் 3,000, பள்ளிக் கட்டணம் 5,000. மிச்சம் 3,000 பாலுக்கும் காய்கறிக்கும். ‘ஆன்லைனில் 5 சதவீதம், மற்ற கடைகளில் 1 சதவீதம்’ என்கிற வகைக் கார்டு ஒன்று கையில் வருகிறது. ஆண்டுக் கட்டணம் 999 ரூபாய்; ஆண்டில் 2 லட்சம் செலவழித்தால் அது தள்ளுபடி. 5 சதவீதம் என்றதும் மனம் 30,000-க்கு 1,500 என்று போடும். இவ்வகைக் கார்டுகள் பலவற்றில் பெட்ரோல், மின்கட்டணம், இன்சூரன்ஸ், பள்ளிக் கட்டணம், வாலட்டில் பணம் ஏற்றுவது எதற்கும் கேஷ்பேக் இல்லை. ஆக ஆன்லைனுக்கு 300, மளிகைக்கு 80. மாதம் 380 ரூபாய். மொத்தச் செலவில் ஒன்றேகால் சதவீதம்தான்.

இன்னும் ஒரு படி போவோம். கேஷ்பேக் வரும் இந்த 14,000-ஐ மட்டும் கார்டில் போட்டால் ஆண்டுக்கு 1.68 லட்சம், 2 லட்சத்தைத் தொடாது. கட்டணமும் 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்ந்து 1,179 போக, 4,560 ரூபாய் 3,381 ஆகிறது. கட்டணமே இல்லாத வேறொரு கார்டு, ஒரே ஒரு தளத்தில் 5 சதவீதமும் மற்றதில் 1 சதவீதமும் தருகிறது என்று வையுங்கள். இந்த வீட்டின் ஆன்லைன் செலவில் 4,000 அந்தத் தளத்தில் என்றால் மாதம் 300, ஆண்டுக்கு 3,600. விளம்பரத்தில் சிறியதாகத் தெரிந்த கார்டு ஜெயித்துவிட்டது. பக்கத்து வீட்டில் இதே கணக்கு வேறு மாதிரி முடியும். அதனால்தான் ‘எது பெஸ்ட் கார்டு’ என்று மைத்துனரைக் கேட்டு வாங்குவதில் எனக்கு நம்பிக்கையில்லை.

திரும்பி வரும் பணம் எந்த வடிவில் வருகிறது என்பதும் முக்கியம். சில கார்டுகளில் பில்லிலேயே கழிந்துவிடும். அமேசான் கார்டில் அது அமேசான் பே இருப்பாகச் சேரும். அங்கே தொடர்ந்து வாங்குகிறவருக்குக் குறையில்லை. சிலவற்றில் பாயின்ட்டாகவே கிடக்கும், நாம்தான் மாற்றிக்கொள்ள வேண்டும். மாதக் கேஷ்பேக்குக்கு வங்கி வைக்கும் உச்சவரம்பும் நிலையானதல்ல. எஸ்பிஐ கேஷ்பேக் கார்டின் மாத வரம்பு 10,000 ரூபாயாகத் தொடங்கி 2023 மே மாதமே 5,000 ஆனது.

இந்தப் பணத்தை யார் தருகிறார்கள்? கடைக்காரர்தான். ஒவ்வொரு கார்டு விற்பனையிலும் ஏறத்தாழ 2 சதவீதம் அவரிடமிருந்து பிடிக்கப்படுகிறது. அதில் பெரும்பங்கு கார்டு தந்த வங்கிக்குப் போகிறது, அதிலிருந்து ஒரு துண்டு நமக்கு. அன்று ‘ரெண்டு பர்சென்ட் சேர்த்துத் தரணும்’ என்று வெளிப்படையாகக் கேட்டது இன்று எல்லோருக்குமான விலைக்குள் ஒடுங்கிவிட்டது. கார்டே இல்லாத கூலித் தொழிலாளியும் அதே கடையில் அதே விலை கொடுக்கிறார். அவருக்கு எதுவும் திரும்பி வருவதில்லை. இது என்னை உறுத்துகிறது. 2022-லிருந்து ரூபே கிரெடிட் கார்டை யுபிஐயில் இணைத்து டீக்கடை க்யூஆரிலும் செலுத்த முடிகிறது. சிறு வணிகரிடம் 2,000 ரூபாய் வரையிலான தொகைக்கு இந்தப் பிடித்தம் கிடையாது என்று வைத்தது நல்ல முடிவு.

வங்கிக்கு இன்னொரு ஊற்று உண்டு: வட்டி. மாதம் 3.5 சதவீதம் சாதாரணம், ஆண்டுக்கு 42. 30 சதவீதத்துக்கு மேல் வாங்கக்கூடாது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல் போட்ட உத்தரவை உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் நீக்கிவிட்டது. நம் திருச்சிக் குடும்பம் 14,000 ரூபாய் பில்லை ஒரு மாதம் கட்டாமல் விட்டால் வட்டி 490, அதன்மேல் ஜிஎஸ்டி 88. ஒன்றரை மாதக் கேஷ்பேக் போய்விட்டது. ‘மினிமம் டியூ’ மட்டும் கட்டினால் தாமதக் கட்டணத்திலிருந்துதான் தப்பலாம். மீதிக்கு வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும், புதிதாக வாங்குவதற்கும் வட்டியில்லா நாட்கள் கிடைக்காது. மாதாமாதம் முழு பில்லையும் கட்ட முடியாத வீட்டுக்கு எந்தக் கேஷ்பேக் கார்டும் ஏற்றதல்ல. யுபிஐயும் டெபிட் கார்டும் போதும்.

எடுத்த கார்டு ஒத்துவரவில்லை என்றால் விடுவதும் இன்று எளிது. 2022 ஜூலையில் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி, பாக்கி இல்லாத கார்டை மூடச் சொல்லிக் கேட்டால் 7 வேலை நாட்களுக்குள் மூடியாக வேண்டும். தாமதித்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய் வங்கி நமக்குத் தர வேண்டும். ஆண்டுக் கட்டணம் பில்லில் ஏறுவதற்கு முந்தைய மாதம் ஒருமுறை மேலே போட்ட கணக்கை மறுபடி போட்டுப் பார்த்து, தேறவில்லை என்றால் மூடச் சொல்லி எழுதிவிடலாம்.