ஏலத்தில் கேட்ட பொருளைத் தர மறுத்தால்...

"ஒருதரம்... இரண்டுதரம்... மூன்றுதரம்!"

இந்தக் குரலை ஊரிலே கேட்காதவர் எம்மில் எவரும் இருக்க முடியாது. திருவிழாவில் நேர்த்திக்கு வந்த சேவலையும் பூசணிக்காயையும் ஏலம் கூறும்போதும், கடற்கரையில் மீன் கூறும்போதும், மூன்றாம் தரம் சொன்னதும் பேச்சு முடிந்துவிடும். அதன்பின், "இன்னொருவர் கூடக் கேட்கிறார், உமக்குத் தரமாட்டேன்" என்று எவராவது சொன்னால் ஊர் பார்த்துக்கொண்டிருக்காது.

இன்று ஏலம் கைத்தொலைபேசிக்குள் வந்துவிட்டது. அங்கே கூறுபவரும் இல்லை. கூடி நின்று சாட்சி சொல்லும் ஊரும் இல்லை. அப்படியானால் மூன்றாம் தரத்துக்கு மதிப்பு உண்டா? இந்தக் கேள்வியோடுதான் ஒரு குடும்பம் வெள்ளவத்தையில் எம்மைச் சந்தித்தது.

1990ஆம் ஆண்டு ஆனியில் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த விவசாயக் குடும்பம் அது. பல இடங்களில் இருந்து அலைந்து, கடைசியில் காலி வீதியோரத்து ஒழுங்கை ஒன்றில் மாடி அறை எடுத்து இருந்தவர்கள். ஊரிலே அவர்களுடைய செம்மண் காணியில் ஒரு பகுதி விடுவிக்கப்பட்டிருந்தது. புரட்டாதி மழைக்கு முன் உழுதுவிட வேண்டும் என்று, பாவித்த இரு சில்லு உழவு இயந்திரம் ஒன்றை, நாம் லான்ட்மாஸ்டர் என்று சொல்வதை, தேடினார்கள். மகன் இணையத்தள ஏலம் ஒன்றில் 3,20,000 ரூபா கேட்டார். நேரம் முடிந்தபோது அவருடைய கேள்வியே உயர்ந்த கேள்வி. விற்பவரும், "ஏலம் உங்களுக்கே. சனிக்கிழமை வந்து எடுங்கள்" என்று வட்ஸ்அப்பில் எழுதினார். வெள்ளிக்கிழமை இரவு இன்னொரு செய்தி வந்தது: "வேறு ஒருவர் கூடத் தருகிறார். மன்னிக்கவும்."

தகப்பனார் எம்மிடம் கேட்டது ஒன்றுதான்: "சுவாமி, காசு கொடுக்கவில்லைத்தானே. எங்களுக்கு ஏதும் உரிமை இருக்கிறதா?"

உரிமை இருக்கிறது. அது எங்கிருந்து வருகிறது, அதை எப்படிக் கேட்பது என்பதை இங்கே படிப்படியாகப் பார்ப்போம்.

வெளிநாட்டு நீதிமன்றங்கள் சொன்னவை

இதே சிக்கல் வேறு நாடுகளில் முன்னரே நீதிமன்றம் வரை போயிருக்கிறது. அவுஸ்திரேலியாவில் ஒருவர் இரண்டாம் உலகப்போர்க் காலத்து விர்ராவே ரகப் பழைய விமானம் ஒன்றை ஈபே ஏலத்தில் போட்டார். அவர் வைத்த குறைந்தபட்ச விலை 1,50,000 அவுஸ்திரேலிய டொலர். அந்தத் தொகையையே ஒருவர் கேட்டார், ஏலமும் முடிந்தது. ஆனால் விற்பவர், கூடிய விலைக்கு வேறு ஆள் இருப்பதாகக் கூறிக் கொடுக்க மறுத்தார். 2007இல் நியூ சவுத் வேல்ஸ் உயர் நீதிமன்றம், இருவருக்குமிடையே கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் உண்டாகிவிட்டது என்றும், பணத்தைப் பெற்றுக்கொண்டு விமானத்தைக் கொடுக்க வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. அப்படிப்பட்ட விமானத்தைக் கடையிலே போய் வாங்க முடியாது. ஆகவே நட்ட ஈட்டோடு விடாமல் பொருளையே கொடுக்கும்படி கட்டளையிட்டது.

ஜெர்மனியில் ஒருவர் தம் பழைய பசாட் மோட்டார் வண்டியை 1 யூரோ தொடக்க விலையில் ஏலத்துக்கு விட்டார். ஒருவர் 555.55 யூரோ வரை கேட்கத் தயார் என்று பதிந்தார். வேறு எவரும் கேட்காததால் விலை 1 யூரோவிலேயே நின்றது. சில மணி நேரத்தில் விற்பவர், வெளியே 4,200 யூரோவுக்கு ஆள் கிடைத்துவிட்டது என்று ஏலத்தை இடையில் நிறுத்தினார். வண்டியின் பெறுமதி 5,250 யூரோ. 1 யூரோவைக் கழித்து 5,249 யூரோவை நட்ட ஈடாகக் கொடுக்க வேண்டும் என்பதை அந்நாட்டின் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் 2014 கார்த்திகையில் உறுதிப்படுத்தியது. குறைந்த விலையில் தொடங்கும் துணிவு விற்பவருடையது. அதன் பலனையும் அவரே ஏற்க வேண்டும் என்பதே அதன் கருத்து.

ஆனால் அதே நீதிமன்றம் 2011இல் இன்னொரு வழக்கில், ஏலம் நடந்துகொண்டிருக்கும்போது களவு போன புகைப்படக் கருவிக்காக விற்பவர் ஏலத்தை நிறுத்தியது சரியே என்றது. ஆகவே எல்லாப் பின்வாங்கலும் குற்றமல்ல. "கூட விலை கிடைத்தது" என்பது நியாயமான காரணமல்ல. "பொருள் களவுபோய்விட்டது" என்பது நியாயமான காரணமாகலாம்.

எமது நாட்டுச் சட்டம்

மேற்சொன்ன தீர்ப்புகள் இலங்கை நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்த மாட்டா. ஆயினும் எமது சட்டத்திலும் அதே வேர் உண்டு. மூன்று சட்டங்களை நினைவில் வைத்தால் போதும்.

முதலாவது, 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம். ஏலம் கூறுபவர் சுத்தியலைத் தட்டியோ வழக்கமான வேறு முறையிலோ முடிவை அறிவிக்கும்போது விற்பனை நிறைவேறுகிறது என்று அது சொல்கிறது. அதுவரை கேட்டவர் தம் கேள்வியை மீளப்பெறலாம், அதன்பின் முடியாது. எமது மூன்றாம் தரம் இதுவேதான். ஆனால் அதே சட்டம் ஒரு நிபந்தனையும் வைக்கிறது. வழக்குப் போட வேண்டுமானால் மறுப்பவர் ஒப்பமிட்ட எழுத்துக் குறிப்பு ஒன்று இருக்க வேண்டும். அல்லது விலையில் ஒரு பகுதியாவது கொடுத்திருக்க வேண்டும். அல்லது பொருளில் ஒரு பகுதியையாவது பெற்றிருக்க வேண்டும். வெறும் வாய்ப்பேச்சு போதாது.

இரண்டாவது, 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம். மின்வழியில் செய்த ஒப்பந்தத்தை, மின்வழியில் செய்தது என்ற ஒரே காரணத்துக்காகச் செல்லாது என்று தள்ள முடியாது. சட்டம் எழுத்துக் கேட்கும் இடத்தில், பின்னர் எடுத்துப் பார்க்கக்கூடிய மின்பதிவும் எழுத்தாகக் கொள்ளப்படும். ஆகவே "ஏலம் உங்களுக்கே" என்று விற்பவர் தம் இலக்கத்திலிருந்து அனுப்பிய அந்த ஒரு வரிச் செய்தி மிகப் பெரிய சான்று. அதை அழித்துவிட்டால் கையிலிருந்த உறுதியைக் கிழித்ததற்குச் சமம்.

மூன்றாவது, 1871ஆம் ஆண்டின் காலவரையறைக் கட்டளைச் சட்டம். எழுத்திலுள்ள ஒப்பந்தத்துக்கு 6 ஆண்டுகளுக்குள்ளும், எழுத்தில் இல்லாததற்கு 3 ஆண்டுகளுக்குள்ளும் வழக்குப் போட வேண்டும். உங்கள் ஆவணம் எந்த வகை என்ற வாதம் எழலாம். ஆகவே 3 ஆண்டு என்றே எண்ணி நடந்துகொள்ளுங்கள்.

காணி வேறு

இங்கே ஓர் எச்சரிக்கை. மேலே சொன்னதெல்லாம் இயந்திரம், மாடு, தளபாடம் போன்ற அசையும் பொருள்களுக்கே. காணி, வீடு என்பவற்றுக்கு 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. நொத்தாரிசு முன்னிலையிலும் இரு சாட்சிகள் முன்னிலையிலும் ஒப்பமிட்ட எழுத்து இல்லாமல் காணி விற்பனைக்கோ, விற்பதாகச் செய்யும் உடன்படிக்கைக்கோ சட்ட வலு இல்லை. 2006ஆம் ஆண்டுச் சட்டமும் அசையாச் சொத்து விற்பனையைத் தன் எல்லைக்கு வெளியே வைத்திருக்கிறது. ஆகவே தொலைபேசியில் காணி ஏலம் கேட்டு "எனக்கு விழுந்தது" என்று மகிழ வேண்டாம். முற்பணமும் அனுப்ப வேண்டாம். இருந்த காணியை இழந்து நிற்பவர்கள் இல்லாத காணிக்குப் பணம் இழக்கக் கூடாது.

செய்ய வேண்டியவை

1. அன்றே சான்றுகளைச் சேருங்கள். ஏல அறிவித்தல், பொருளின் படம், உங்கள் கேள்வி, ஏலம் முடிந்த நாளும் நேரமும், விற்பவரின் செய்திகள் எல்லாவற்றையும் திரைப்படமாக எடுத்து அச்சிடுங்கள். தொலைபேசியிலுள்ள மூலத்தையும் அழிக்காதீர்கள்.

2. ஏலத்தளத்தின் விதிகளை வாசியுங்கள். சில தளங்கள் ஏலமே நடத்துகின்றன. பல தளங்கள் விளம்பரம் மட்டும் போடுகின்றன. விளம்பரத்தைப் பார்த்து விலை பேசுவது ஏலம் அல்ல. அங்கே இருவரும் உடன்பட்டதற்குத் தனிச் சான்று வேண்டும். தளத்திலே முறைப்பாடு செய்யும் வழியிருந்தால் அதையும் பயன்படுத்துங்கள்.

3. விலையைக் கூட்டிக் கேட்காதீர்கள். "அவர் தருவதை நாங்களும் தருகிறோம்" என்று எழுதினால், பழைய ஒப்பந்தத்தை நீங்களே கைவிட்டதாக வாதிட இடம் கொடுக்கிறீர்கள்.

4. எழுத்தில் கேளுங்கள். கோபச் சொல் வேண்டாம். முகநூலில் ஏசவும் வேண்டாம். பதிவுத் தபாலில் இப்படி எழுதலாம்: "இன்ன திகதி முடிவடைந்த ஏலத்தில் தங்கள் உழவு இயந்திரத்தை 3,20,000 ரூபாவுக்கு நான் பெற்றேன். தாங்களும் அதை எழுத்தில் உறுதிப்படுத்தினீர்கள். முழுப் பணத்துடன் நான் ஆயத்தமாக உள்ளேன். 14 நாட்களுக்குள் இயந்திரத்தை ஒப்படைக்க வேண்டும். தவறினால் எனக்கு ஏற்படும் நட்டத்தைத் தங்களிடம் கோருவேன்." பிரதி ஒன்றையும் தபால் பற்றுச்சீட்டையும் வைத்துக்கொள்ளுங்கள்.

5. நட்டத்தைக் கணக்கிடுங்கள். அதே தரத்துப் பொருள் சந்தையில் என்ன விலை? அதிலிருந்து ஏல விலையைக் கழியுங்கள். எம்மிடம் வந்த குடும்பத்துக்கு அதுபோன்ற இயந்திரம் 3,80,000 ரூபாவுக்கே கிடைத்தது. நட்டம் 60,000 ரூபா. மனவேதனைக்கு இலட்சக்கணக்கில் கேட்பது கோரிக்கையைப் பலவீனப்படுத்தும். வேறிடத்தில் வாங்கும்போதும் நியாய விலைக்கே வாங்குங்கள்.

6. மத்தியஸ்த சபைக்குப் போங்கள். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த இச்சபைகளில் சட்டத்தரணி தேவையில்லை. குறித்த தொகைக்கு உட்பட்ட பிணக்குகள் நீதிமன்றம் போகுமுன் இங்கே வரவேண்டும். எந்தச் சபை, எந்த நாள் என்பதைப் பிரதேச செயலகத்தில் கேட்டறியலாம். இணக்கம் ஏற்படாவிட்டால் சபை தரும் சான்றிதழோடு நீதிமன்றம் செல்லலாம். வசதியற்றவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

7. விற்பவர் வியாபாரியாக இருந்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையிடமும் முறையிடலாம். தொலைபேசி இலக்கம் 1977. தம் சொந்தப் பொருளை ஒருமுறை விற்கும் தனிமனிதருக்கு இது பொருந்தாது.

பொலிஸுக்குப் போவது எப்போது?

சொன்ன சொல்லிலிருந்து பின்வாங்குவது மட்டும் பொலிஸ் குற்றம் அல்ல. அது குடியியல் பிணக்கு. ஆனால் கொடுக்கும் எண்ணமே இல்லாமல் ஏமாற்றிப் பணம் பெற்றிருந்தால் அது வஞ்சித்தல். தண்டனைச் சட்டக் கோவையின் கீழ்க் குற்றம். அப்போது தாமதியாமல் முறையிடுங்கள். வங்கிக்கும் அன்றே அறிவியுங்கள். தமிழில் முறைப்பாடு செய்ய உங்களுக்கு உரிமை உண்டு. 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. வாசித்து விளங்காத மொழியில் எழுதிய வாக்குமூலத்தில் ஒப்பமிடாதீர்கள்.

முற்பணம் கொடுக்கலாமா என்றும் பலர் கேட்கிறார்கள். ஒரு பகுதிப் பணம் ஒப்பந்தத்தை வலுப்படுத்தும் என்பது உண்மை. ஆனால் பொருளைக் காணாமல், உழவு இயந்திரமானால் பதிவுச் சான்றிதழில் யார் பெயர் இருக்கிறது என்று பாராமல், பணம் அனுப்புவது ஆபத்து. எழுத்தில் உறுதி பெறுங்கள். பணத்தை நேரில், பற்றுச்சீட்டுக்குக் கொடுங்கள்.

அந்தக் குடும்பம் கடிதம் எழுதியது. முதலில் பதில் இல்லை. மத்தியஸ்த சபையிலே விற்பவர் தம் செய்தியின் அச்சுப்பிரதியைக் கண்டபின் பேச இணங்கினார். 45,000 ரூபா தர உடன்பட்டு இரண்டு தவணையில் கொடுத்து முடித்தார். அந்தப் போகத்துக்குக் காணியைக் கூலி இயந்திரத்தால்தான் உழுதார்கள். அதுவும் சற்றுப் பிந்தித்தான். முழு வெற்றி என்று சொல்ல மாட்டோம். ஆனால் "எங்களுக்கு யார் கேட்கப் போகிறார்கள்" என்று பேசாமல் இருந்திருந்தால் ஒரு சதமும் கிடைத்திராது.

கடைசியாக, நாமும் சில வேளை விற்பவர்களே. அவசரத்துக்கு நகையையோ இயந்திரத்தையோ ஏலத்தில் போடும்போது, இதற்குக் கீழே கொடுக்கமாட்டேன் என்ற விலையை முதலிலேயே வையுங்கள். ஏலம் முடிந்தபின் மனம் மாற வேண்டாம். நாம் இழந்தவை பல. ஆனால் எங்கே போனாலும் கூடவே கொண்டுவந்தது எமது சொல். அதற்கு ஊரில் இருந்த மதிப்பு தொலைபேசியிலும் இருக்கட்டும். மற்றவரிடமும் அதையே உறுதியோடு கேட்போம்.