முதல்வர் தொகுதியில் அதிகாரம் யார் கையில்?

ஒன்ராறியோ முதல்வர் டக் ஃபோர்டின் எட்டோபிக்கோ வடக்குத் தொகுதியில் இருக்கிறது ரெக்ஸ்டேல். அவருடைய தம்பி ரொப் பத்து ஆண்டுகள் இந்தப் பக்கத்தின் மாநகரசபை உறுப்பினராக இருந்து, 2010இல் ரொறன்ரோ மேயரானார். காலியான ஆசனத்துக்கு டக் வந்தார். பிறகு அதே ஆசனத்துக்குத் திரும்பிய ரொப் 2016இல் காலமானதும் சகோதரியின் மகன் மைக்கல் வந்தார். தகப்பனாரும் 1995 முதல் 1999 வரை மாகாண சட்டமன்றத்தில் இருந்தவர்தான்.

அப்படிப் பார்த்தால் மாகாணத்திலேயே செல்வாக்கு மிக்க ஊர் இதுவாக இருக்க வேண்டும். அல்பியன் வீதியில் பஸ்ஸுக்கு நிற்பவரிடம் இதைச் சொன்னால் சிரிப்பார். ஆட்சியில் இருப்பவர் நம்மூர்க்காரர் என்பதும், அதிகாரம் நம்மிடம் இருக்கிறது என்பதும் ஒன்றல்ல. பின்னே அது யாரிடம் இருக்கிறது? சமூகவியலாளர்கள் நெடுநாளாகச் சண்டைபிடித்து வரும் கேள்வி இது.

அமெரிக்கரான ரொபர்ட் டால், நியூ ஹேவன் நகரை ஆராய்ந்து 1961இல் ஒரு விடை சொன்னார்: அதிகாரம் ஒரே இடத்தில் குவிவதில்லை, பல குழுக்களுக்கிடையே பிரிந்து கிடக்கிறது, ஒரு விடயத்தில் வெல்பவர் இன்னொன்றில் தோற்பார். இதுதான் பன்மைவாதம். ரெக்ஸ்டேலில் இதற்குச் சாட்சி உண்டு. வூட்பைன் குதிரைப் பந்தயத் திடலையொட்டிப் பெரிய கேளிக்கை வளாகம் ஒன்றைக் கட்ட 2007இல் மாநகரசபை அனுமதி கொடுத்தது. ‘எங்களுக்கு என்ன கிடைக்கும்?’ என்று ஊர் அமைப்புகள் அப்போதே கேட்கத் தொடங்கின. அந்த வளாகம் எழும்பவேயில்லை. கேள்வி மட்டும் நிலைத்து நின்றது. 2018இல் அதே இடத்தில் சூதாட்ட விரிவாக்கம் வந்தபோது, உள்ளூரவருக்கும் வாய்ப்புக் குறைந்தவருக்கும் புதிய வேலைகளில் 40 வீதம், குழந்தைகள் பராமரிப்பு நிலையத்துக்கு 50 இலட்சம் டொலர் என்று ஒப்பந்தமே எழுதி வாங்கப்பட்டது. கூட்டம் கூட்டமாகப் போய் மண்டபங்களில் பேசிய சனங்களின் வெற்றி இது. மார்க்சியர் ஒருவர் இதைக் கேட்டால், ‘சூதாட்ட இலாபம் யாருக்குப் போகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்’ என்பார். அதுவும் நியாயம்தான்.

டாலுக்கு முன்பே, 1956இல், சி. ரைட் மில்ஸ் நேர்மாறாக எழுதியிருந்தார்: பெரிய முடிவுகளை எடுப்பது அரசு, பெருநிறுவனம், இராணுவம் ஆகியவற்றின் உச்சியில் இருக்கும் சிலர் மட்டுமே. கனடாவில் ஜோன் போர்ட்டர் 1965இல் இதையே இனவாரியாகப் பார்த்து, பொருளாதார உச்சியில் இருப்பவர்கள் பெரும்பாலும் பிரித்தானிய வழியினர் என்று காட்டினார். ஃபோர்ட் குடும்பத்துக்கு 1962இல் தொடங்கிய லேபிள் கம்பனி சொந்தம். ஆனால் அவர்கள் வாக்குக் கேட்பதோ ‘டவுன்டவுன் மேட்டுக்குடியினருக்கு’ எதிராக! அந்த வேடிக்கையை மில்ஸ் பொருட்படுத்தியிருக்க மாட்டார். அவருக்கு ஆளைவிட ஆள் அமரும் கதிரை முக்கியம்.

எனக்கு இந்த இரண்டையும்விடப் பொருத்தமாகப் படுவது, பக்ராக், பரட்ஸ் என்ற இருவர் 1962இல் டாலுக்குச் சொன்ன மறுப்பு. மேசையில் வைத்து எடுக்கப்படும் முடிவை மட்டும் பார்க்காதீர்கள், எது மேசைக்கு வரும், மேசையில் யாருக்கு இடம் என்பதைத் தீர்மானிப்பவரையும் பாருங்கள் என்றார்கள் அவர்கள்.

அப்படித் தீர்மானித்த நாள் ஒன்று: 2018 ஜூலை 27, ரொறன்ரோ மாநகரசபை வேட்புமனுவுக்குக் கடைசி நாள். அன்றுதான் புதிய முதல்வர் டக் ஃபோர்ட் 47 வட்டாரங்களை 25 ஆக்கப்போவதாக அறிவித்தார். பிரசாரம் நடந்துகொண்டிருக்கும்போதே சட்டம் நிறைவேறியது. 2021இல் உச்சநீதிமன்றம் 5க்கு 4 என்று அதை ஏற்றது, ஏனென்றால் 1867ஆம் ஆண்டு அரசமைப்பின்படி மாநகரசபை மாகாணத்துக்குக் கட்டுப்பட்டது. ஸ்காபரோவில் 2017 மாநகரசபை இடைத்தேர்தலில் வென்ற நீதன் சான், 2018இல் அகலமாக்கப்பட்ட புதிய வட்டாரத்தில் 154 வாக்குகளால் தோற்றார். இது முதல் தடவையுமல்ல. 1997 வாக்கெடுப்பில் நான்கில் மூன்று பங்குக்கு மேற்பட்டோர் வேண்டாம் என்ற பிறகும் எட்டோபிக்கோவை ரொறன்ரோவுடன் இணைத்த அரசின் பக்கத்தில் டக்கின் தகப்பனார் அமர்ந்திருந்தார்.

அந்த மேசைக்கு வெளியே இன்னும் பலர். குடியுரிமை பெறாத நிரந்தர வதிவிடக்காரர் ரெக்ஸ்டேலில் எத்தனை வருடம் வரி கட்டினாலும் வட்டார உறுப்பினருக்குக்கூட வாக்களிக்க முடியாது. அவர்களுக்கும் வாக்கு கொடுங்கள் என்று மாநகரசபை 2013இல் மாகாணத்திடம் கேட்டது, கிடைக்கவில்லை. ஆனால் மாகாணக் கட்சிகளில் அவர்கள் உறுப்பினராகி, வேட்பாளர் தெரிவில் வாக்களிக்கலாம். நியமனப் போட்டிக்கு வீடு வீடாக உறுப்பினர் சேர்த்த ஸ்காபரோத் தமிழருக்கு அந்த வாசல் நன்றாகத் தெரியும்.